ராஜா ‘விடு’ன்னுதான் சொன்னாரு

அண்ணாச்சி, கால கொஞ்சம் ஒதுக்கி வச்சிக்கிடுங்க. சாக்குல முட்டைக்கோஸ் இருக்கு, மிதிச்சிராதீங்க. என் மவளுக்குக் கொண்டு போறேன். இந்த எறக்கத்துல டிரைவரு பிரேக்கப் போட்டாம்னா உருண்டு உங்க காலுக்குத்தான் வரும். வந்தா தள்ளி விட்டுருங்க. மேல் எல உரியும், அவ்வளவுதான்.

நீங்க எங்கன எறங்கணும்? வத்தலக்குண்டா? நானும் அங்கனதான். அங்கேர்ந்து மதுரை, மதுரைலேர்ந்து தின்னவேலி, பொறவு பாளையங்கோட்டை. மவ அங்கன தையல் கடை வச்சிருக்கா, அவளும் அவ அம்மையும். பாத்து ரொம்ப வருசமாச்சு. நேத்து போன்ல பேசினா அண்ணாச்சி. வாங்கன்னு வாயால சொல்லல. ஆனா கூப்ட்ட மாதிரிதான். பெத்தவனுக்கு அது புரியாதா?

பேரா? சந்தியாகு. மேல மன்னவனூர்ல கேட்டா அப்பிடித்தான் சொல்லுவாங்க. எங்க ஊரு செபத்தியான்விளைல போயி சந்தியாகு எங்கன்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தனுக்கும் தெரியாது. ‘தியாகராசனா?’ம்பான். வேதக்காரனுக்கு, அதான் கிறிஸ்தவனுக்கு, எப்பிடித் தியாகராசன்னு பேருன்னு பாக்கீங்க, என்ன? அது ஒரு கூத்து. ரோமாபுரில தியோக்கிளேசியன்னு ஒரு சக்கரவர்த்தி இருந்தாரு. எங்க கோயிலு செபஸ்தியாரு கோயிலு. செபஸ்தியாரு அந்த ராஜாகிட்ட படைத்தலைவரா இருந்தவரு. ரகசியமா வேதத்துல சேந்துட்டாருன்னு ராஜா அவர மரத்துல கட்டி அம்பு போடச் சொல்லுதாரு. தை மாசத் திருநாளுக்கு அதுதான் எங்க ஊர்ல நாடகம். ராஜா வேசம் நான். மீச மொளச்சதுலேர்ந்து தல நரைக்கது வரைக்கும் நான்தான். தியோக்கிளேசியன்னு சொல்ல எங்க சனத்துக்கு வாய் வருமா? தியாகேசியன், தியாகேசன், கடைசில தியாகராசன் ஆயிட்டு. வேதக்காரங்கள வெட்டிப் போட்டவனுக்குத் தியாகராசன்னு பேரு. பங்குச்சாமி தலைல அடிச்சிக்கிடுவாரு.

சிரிங்க, சிரிங்க. ஆனா அந்த ராஜாவப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாதுல்லா. யாருக்கும் தெரியாது. கொலகாரன், ரத்தம் குடிச்சவன், இதான் தெரியும். அவரு பக்கத்து நியாயத்த ஒரு பயலும் கேக்கல. எனக்குச் சொன்னது ஒரு சின்னச் சாமியாரு. புதுசாப் பட்டம் வாங்கி வந்தவரு. ‘வேசம் போடுதீரு, ஆளு யாருன்னு தெரிஞ்சுட்டுப் போடும்வே’ன்னு உக்கார வச்சுச் சொன்னாரு.

பெரிய எடத்துப் பிள்ளையெல்லாம் இல்ல அண்ணாச்சி அந்த ராஜா. அப்பன் அடிமையா இருந்து விடுதல ஆனவன்னு சொல்லுதாங்க. பட்டாளத்துல சேந்து மேல வந்தவரு. ஒரு பொம்பள குறி சொன்னாளாம், நீ காட்டுப்பன்னியக் கொன்னா ராஜா ஆவேன்னு. இவரும் காடு காடாப் போயிப் பன்னியக் குத்திக் குத்திப் போட்டிருக்காரு. கறி தின்னதுதான் மிச்சம். அப்பம் ஒரு எளவட்ட ராஜா இருந்தான். அவனுக்குக் கண்ணு வலி, வெயிலு ஆவாதுன்னு மூடுன பல்லக்குலயே வச்சுத் தூக்கிட்டுப் போறாங்க. மாமனாருகாரன் கூடவே வாரான். யாரு கேட்டாலும் ‘ராஜா தூங்குதாரு’ங்கான். ஒரு நாளு நாத்தம் தாங்கல. தெரயத் தூக்கிப் பாத்தா, ராஜா செத்து அழுவிக் கெடக்கான்.

பட்டாளம் பூராவும் கூடிட்டு. நம்மாள மேட்டுல ஏத்தி, இனி நீருதான் ராஜாங்காங்க. நம்மாளு வாள உருவினாரு. ‘சூரியன் சாச்சியா நான் கொல்லல’ன்னாரு. சொன்ன கையோட பக்கத்துல நின்ன அந்த மாமனாரு நெஞ்சுல ஒரே குத்து. அவன் வாயே தொறக்கல. தொறக்க விட்டாத்தானே? அந்த மாமனாரு பேருக்கு அவங்க பாசைல பன்னின்னு அர்த்தமாம். ஆச்சா, ராஜா ஆயிட்டாரு.

சாமியாரு சொன்னாரு, ‘அவனப் பேச விட்டிருந்தா என்ன சொல்லியிருப்பானோ, அந்தப் பயந்தான் குத்து’ன்னு. எனக்கு அப்பிடித் தோணல. பேச விட்டா ஆளுக்கொண்ணு பேசுவான், குழப்பந்தான் மிஞ்சும். ராஜாவா இருக்கவன் முடிச்சு விட்டுட்டுப் போயிட்டே இருக்கணும்.

ஆமா, வேதக்காரங்களக் கொன்னாரு. கோயில இடிச்சாரு, வேதப் பொஸ்தகத்த எரிச்சாரு, ஆளுகள உயிரோட கொளுத்துனாரு. இல்லன்னு நான் சொல்லல. ஆனா மொதல்ல அவரு என்ன சொன்னாருன்னு தெரியுமா? ‘ரத்தம் சிந்தப்படாது’ன்னுதான் சொல்லியிருக்காரு. பக்கத்துல நின்னவன் ஏத்தி விட்டு ஏத்தி விட்டுச் செய்ய வச்சுட்டான். செஞ்சது பக்கத்துல நின்னவன், கெட்ட பேரு ராஜாவுக்கு. இத நல்லா மனசுல வச்சிக்கிடுங்க. பின்னாடி வேணும்.

நான் வேசம் கட்டி வந்தேம்னா பிள்ளைங்க வீல்னு கத்தும். பொம்பளைங்க மண்ண வாரித் தூத்துவாளுவ. ஒருக்கா ஒரு கிழவி செருப்பக் கழட்டி எறிஞ்சா, கிரீடத்துல பட்டு நெளிஞ்சிட்டு. எனக்குப் பெருமைதான். அந்த அளவுக்கு நடிப்பு! வீட்லயும் நான் கொஞ்சம் அப்பிடித்தான். கை நீளும். நீளாத கை எந்த வீட்ல இருக்கு சொல்லுங்க? சோத்துல கல்லு கெடந்துன்னு ஒரு மட்டம் புஷ்பத்த ஒரு அடி அடிச்சேன், முன்பல்லு போயிட்டு. புஷ்பம் என் வீட்டுக்காரி. அவ என்ன செஞ்சா தெரியுமா? கல்லக் கடிச்சுப் பல்லு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. பிரியம் இல்லாமலா ஒருத்தி அப்பிடிச் சொல்லுவா?

மவ பொறந்தப்ப வலேரியான்னு பேரு வச்சேன். ராஜாவுக்கு ஒத்த மவ, அவ பேரு வலேரியா. அப்பிடி ஒரு புனிதையும் இருக்காங்கன்னு சாமியாரு ஒத்துக்கிட்டாரு. புஷ்பத்துக்கு அது வாயில நுழையாம வல்லி வல்லின்னு கூப்ட்டா. ராஜா மவ முருகன் பெஞ்சாதி ஆயிட்டா. என் மவ ராணி மாதிரி இருப்பா அண்ணாச்சி. சடை இடுப்புக்குக் கீழ வரும். அவ நடந்து வந்தா எனக்கு நெஞ்சு வீங்கிரும்.

இப்ப நாடகத்துக்கு வாரேன். எங்க ஊரு முறை ஒண்ணு இருக்கு. மத்த ஊர்ல ரப்பர் அம்பு, பேப்பர் அம்புன்னு விளையாட்டுக் காட்டுவான். எங்கள்ல நெச அம்பு. கொல்லன் அடிச்ச இரும்பு முனை. செபஸ்தியாரு வேசக்காரன் நெஞ்சுல வாழத்தண்டப் பொளந்து வச்சு, துணியால இறுக்கிக் கட்டி, அதுக்கு மேல குங்குமத் தண்ணி பை, அதுக்கு மேல சட்ட. அம்பு போயித் தண்டுல சதக்குன்னு குத்தி நிக்கும், செவப்பா ஒழுவும். பாக்கவன் மூச்சு நின்னு போவும். வெளிச்சம் வேணும்கதுனால வெயில் சாயதுக்கு முன்னயே நாடகம் முடிஞ்சிரும்.

அம்பு விடதுக்கு ஒரு சொல்லு உண்டு. அது ராஜா சொல்லு. ராஜா போயி செபஸ்தியாரு முன்ன நின்னு, ‘விடு! உன் கிறிஸ்துவை விடு! நீ அவனை விட்டால் நான் உன்னை விடுவேன்!’ன்னு சொல்லணும். அவன், ‘விடமாட்டேன் ராஜாவே!’ங்கணும். மூணு மட்டம் இப்பிடி. பொறவு ராஜா கையத் தூக்கி, வில்லுக்காரங்களப் பாத்து, ‘விடு!’ம்பாரு. அம்பு பறக்கும். ஒரே சொல்லு பாத்துக்கிடுங்க. யாரப் பாத்துச் சொல்லுதோமோ அதுக்குத் தக்கன அர்த்தம்.

நாடகம் அதோட முடியாது. ராஜா கிரீடத்தக் கழட்டி செபஸ்தியாரு வேசக்காரன் காலடில வச்சு, முழங்கால் போட்டு, ‘பொறுத்துக்கிடும்’ங்கணும். அவன் தோளத் தொட்டு, ‘எழும்பும் ராஜாவே’ங்கணும். அப்பந்தான் கோயில் மணி அடிக்கும். அது வரைக்கும் ராஜா கோயிலுக்குள்ள கால் வைக்கப்படாது. மணி அடிச்சாத்தான் நான் பழையபடி சந்தியாகு. வருசா வருசம் எத்தனையோ பொடிப் பயலுவ காலுல விழுந்திருக்கேன். வேசந்தானே.

அந்த வருசம் செபஸ்தியாரு வேசம் இன்னாசிக்குக் குடுத்தாங்க. இன்னாசிமுத்து, வீட்டுக்கு ஒயரிங் பாக்கவன். அப்பன் பனையிலேர்ந்து விழுந்து செத்துட்டான், அம்மை மட்டும். நல்ல குரலு, அத மறுக்க முடியாது. வில்லுக்காரங்கள்ல மொத ஆளு கஸ்பார். என் அக்கா மவன், சூளைல லாரி ஓட்டுதான், கை ஒவ்வொண்ணும் ஒலக்க. வல்லிக்கு முறைக்காரன். அவனுக்குத்தான் வல்லின்னு நான் சொல்லி வச்சிருந்தேன். அவகிட்ட கேட்டேனாவா? என்ன அண்ணாச்சி கேள்வி இது! முறைக்காரன்னா முறைக்காரன்.

ஒத்திகைல ஒரு நாளு இன்னாசி சட்டையக் கழட்டுதான். தண்டக் கட்டியிருக்க துணி பச்சையா மினுங்குது. ஓரத்துல சம்கி. எனக்குத் தெரியாதா அந்தச் சுடிதார் சால? போன திருநாளுக்கு நான் எடுத்துக் குடுத்தது. என் மவ சால் அவன் நெஞ்சுல கெடக்கு. அங்கன ராஜா மாதிரி நின்னேன். ஒடம்பு பூரா எரிஞ்சிட்டு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ராஜா வேசத்துக்கு இடுப்புல ஒரு தோல் பெல்ட்டு உண்டு, பித்தள பக்கிள் வச்சது. அதாலதான் கேட்டேன். ‘ஏட்டி, அவன விடு’ன்னேன். ‘விடமாட்டேம்ப்பா’ங்கா. ஒரு வீசு. ‘விடுதியா இல்லியா?’ ‘விடமாட்டேம்ப்பா.’ நாடகத்துல உள்ளது மாதிரியே சொல்லுதா அண்ணாச்சி, அழாம! எனக்குக் கோட்டி புடிச்சிட்டு. பக்கிள் நெத்தில பட்டுக் கிழிஞ்சிட்டு. புஷ்பம் குறுக்க விழுந்தா, அவளுக்கும் ரெண்டு. மவ நெத்தி ரத்தத்த நானே மஞ்சப் பொடி வச்சு அமுக்கினேன். என் கைதானே அமுக்கிச்சு, வேற எவன் வந்தான்?

கஸ்பார்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. ‘மருமவனே, பச்ச சால் பாத்தியால?’ன்னு மட்டும் கேட்டேன். அவன் மொகம் கறுத்துப் போயிட்டு. மறுநாளு களத்துல உக்காந்து அம்பு முனைய அரத்தால ஒரசிக்கிட்டு இருந்தான். துரு எடுக்கான்னு நெனச்சேன். துருவும் இருந்துச்சு, பொய்யில்ல.

திருநாளு வந்துட்டு. கொடி பறக்குது, சனம் எறும்பு மாதிரி. இன்னாசிய மேடைல நட்டுன பனந்தடில கட்டியாச்சு. நான் அவன் முன்ன போயி நின்னேன். ‘விடு! உன் கிறிஸ்துவை விடு!’ன்னு ஊருக்குக் கேக்கச் சொல்லிட்டு, அவனுக்கு மட்டும் கேக்க, ‘அவள விடுல’ன்னேன். பய என் கண்ணப் பாத்தான். பாத்துக்கிட்டே, கோயில் கோபுரம் அதிருத மாதிரி, ‘விடமாட்டேன் ராஜாவே!’ன்னான். கைதட்டுன்னா கைதட்டு! ரெண்டாவது மட்டம், ‘உயிரோட போயிருல, விட்டுரு’ன்னேன். ‘விடமாட்டேன் ராஜாவே!’ சனம் எந்திரிச்சு நிக்குது. எவனுக்கும் தெரியாது, நாங்க ரெண்டு பேரும் வேற நாடகம் ஆடுதோம்னு.

மூணாவது மட்டம் அவன் மூச்ச இழுத்து நெஞ்ச நிமித்தினான் பாருங்க, சால் முடிச்சு அவுந்துட்டு. தண்டு சட்டைக்குள்ளயே வயித்துக்கு எறங்கிட்டு. கிட்ட நின்னவன் நான் ஒருத்தன்தான், எனக்குத் தெரிஞ்சுட்டு. அவனுக்கும் தெரிஞ்சுட்டு. மெல்ல, ‘மாமா’ன்னான். நாடகத்துல ‘மாமா’ கெடையாது.

நான் கையத் தூக்கினேன். கஸ்பாரப் பாத்து ‘விடு’ன்னேன்.

எந்த அர்த்தத்துலன்னு நீங்களும் கேக்கப் போறீங்க. தண்டு எறங்கிட்டுல்லா அண்ணாச்சி? ‘போதும்ல, விடு’ன்னு. வில்லக் கீழ விடுன்னு. அவன் அம்ப விட்டுட்டான். பொறவு கை ஏன் தூக்கினீருன்னு கேக்காங்க. நிறுத்துன்னு சொல்லக் கையத் தூக்க மாட்டானா? ரோட்ல போலீசு தூக்குதானே, அவன் அம்பா விடச் சொல்லுதான்?

கழுத்தெலும்புக்குக் கீழ, எடது பக்கம். ‘சதக்’ இல்ல, வேற ஒரு சத்தம். ஈரச் சாக்குல கம்பி எறங்குனாப்பல. ரத்தம் பொங்குது. சனம் தட்டுது! ‘இந்த வருசம் சாயம் நல்லாக் கலந்திருக்கானுவடே’ன்னு ஒருத்தன் கத்துதான். இன்னாசி தல தொங்கிட்டு. அதுக்கும் தட்டுதானுவ. என் மவ ஒருத்திதான் அலறிக்கிட்டு மேடைல ஏறினா. கட்டுன கயித்தப் பல்லால அவுக்கா. அவ வாயெல்லாம் ரத்தம். நான் கிரீடத்தோட நிக்கேன். முழங்கால் போடணுமா வேண்டாமான்னு எனக்கு ஒண்ணும் ஓடல. மணி அடிக்கவே இல்ல.

போலீசு வந்துச்சு. இன்ஸ்பெக்டர், ‘என்னவே சொன்னீரு?’ன்னாரு. ‘விடுன்னு சொன்னேன்.’ ‘எதுக்கு?’ ‘நாடகத்துல உள்ளதுதான்யா.’ கஸ்பாரக் கேட்டாங்க. ‘ராஜா விடுன்னாரு, விட்டேன்’னான். மேக்கொண்டு என்னத்தக் கேக்க? தண்டு எறங்குனது ஒரு விபத்துன்னு முடிச்சிட்டாங்க.

அண்ணாச்சி, செபஸ்தியாரு அம்புல சாவல, தெரியுமா? நெறைய பேரு சாமி அம்புல செத்தாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு விதவ அவர எடுத்துட்டுப் போயி மருந்து போட்டுப் பொழைக்க வச்சா. பொழச்சவரு ஓடிப் போவ வேண்டியதுதானே? நேரா ராஜா முன்ன வந்து நின்னு பேசினாரு. அங்கனதான் அவர அடிச்சே கொன்னாங்க, தடியால. ராஜா என்ன செய்வாரு? பொழச்சவன் போயிரணும்லா.

இன்னாசியும் வந்தான். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னைக்கே. மத்தியானம், வெயிலு கொளுத்துது. எடது கை துணி மாதிரித் தொங்குது. என் வாசல்ல வந்து நிக்கான். தெரு பூராவும் எட்டிப் பாக்குது. கஸ்பாரும் அவன் கூட்டாளிங்க மூணு பேரும் என் முத்தத்துலதான் உக்காந்திருந்தானுவ.

‘மாமா, மணி அடிக்கல. நீங்க இன்னும் ராஜாவாத்தான் இருக்கீங்க’ன்னான். ‘கிரீடத்தக் கொண்டு வந்து வையுங்க, பொறுத்துக்கிடும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் எழும்பும் ராஜாவேன்னு சொல்லிட்டுப் போறேன். என் மனசுல ஒண்ணும் இல்ல. பொறவு வல்லியக் கேட்டு அம்மைய அனுப்புவேன், முறையா.’

எவ்வளவு திமிரு! தெருவே பாக்குது. பெஞ்சாதி பாக்கா, மவ நெல வாசல்ல நின்னு பாக்கா. அந்த ஒயரிங்காரன் காலுல நான், என் வீட்டு வாசல்ல, வேசம் இல்லாம விழணுமாம். மேடைல கேட்டிருந்தா விழுந்திருப்பேன் அண்ணாச்சி, சத்தியமா. ‘எல, வெளிய போ’ன்னேன். ‘போறேன் மாமா, சொல்லிட்டுப் போறேன்’ன்னு அங்கனயே நிக்கான்.

கஸ்பார் எந்திரிச்சான். வேலில கெடந்த பனமட்டைய உருவினான். கருக்குள்ள மட்ட, ரெண்டு பக்கமும் அரம் மாதிரிப் பல்லு. மொத அடி முழங்கால்ல. பய முழங்கால் போட்டுட்டான். கொடுமையப் பாருங்க, நான் போட வேண்டிய முழங்கால அவன் போட்டான். மத்தவனுவ கையில மம்பட்டிக் காம்பு, ஒலக்க. அவனுக்கு மறைக்க ஒரு கைதான இருக்கு. தோளு, மண்ட, வாயி. கருக்கு இழுத்த எடமெல்லாம் சதை பிரிஞ்சி தொங்குது. பழைய அம்புப் புண்ணு வாயத் தொறந்துட்டு. அப்பயும் பய ‘மாமா’ங்கான், ‘மாமா’ங்கான். அவன் கிட்ட ஓடப் பாத்த வல்லிய நான்தான் சடையப் புடிச்சு நிறுத்தினேன். அவ மேல அடி பட்டுட்டா?

நான் படில நின்னு ‘விடுங்கல! விடுங்கல!’ன்னு கத்தினேன். எத்தன மட்டம்! தெருவே கேட்டுச்சு. கஸ்பார் தலையத் தூக்கி என் மொகத்தப் பாத்தான். பாத்துட்டு, மறுபடியும் ஓங்கினான். எதுக்கு என் மொகத்தப் பாத்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. எதுத்த வீட்டுக்காரி பொறவு கோர்ட்டுல சொல்லுதா, ‘நல்லா விடுங்கல’ன்னு காதுல விழுந்துன்னு. ‘நல்லா’ன்னு நான் சொல்லவே இல்ல. சவத்து மூதி, அவளுக்கு எம்மேல என்ன காந்தலோ.

இன்னாசி என் வாசல்லயே போயிட்டான். மண்ணுல விழுந்த ரத்தத்துல கோழி வந்து கொத்துது. புஷ்பம் அத வெரட்டிக்கிட்டே இருந்தா. சாமியாரு வந்து கடைசி எண்ணெ பூசுததுக்கு முன்னயே எல்லாம் முடிஞ்சிட்டு.

நாலு பேரோட என்னையும் சேத்துத்தான் கேசு. ஏவி விட்டவன்னு. அப்பம் என்னையக் காப்பாத்துனது யாருங்கீங்க? என் மவ. சாச்சிக் கூண்டுல ஏறி நின்னா, நெத்தித் தழும்போட. எங்க வக்கீலு கேட்டாரு, ‘உங்கப்பா என்னம்மா சொன்னாரு? ஒரே வார்த்தைல சொல்லு.’ அவ என்னையப் பாத்தா. ‘விடுங்கலன்னு சொன்னாரு. ஆனா...’ன்னா. ‘போதும்மா, எறங்கு’ன்னுட்டாரு வக்கீலு. அந்த ‘ஆனா’வுக்கு மேல அவளப் பேச விடல, கெட்டிக்காரரு! அரசாங்க வக்கீலு அவள மறுபடி கேக்க எந்திரிச்சாரு, அதுக்குள்ள அவ மயங்கி விழுந்துட்டா. விடுன்னா வெலகுன்னுதான் அர்த்தம்னு எங்காளு பிச்சு ஒதறிட்டாரு. என்னைய விட்டுட்டாங்க.

பெத்த அப்பன விட்டுக் குடுக்காத பிள்ள. ‘விடு’ன்னு நான் சொன்னத ‘விடு’ன்னே சொன்னா. ஒரு எழுத்துக் கூட மாத்தல.

கஸ்பாருக்கு ஆயுள். வண்டில ஏத்தும்போது என்னையப் பாத்து, ‘மாமா, நீருதான சொன்னீரு?’ன்னான். ‘நான் சொன்னது வேறல மக்கா’ன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

ஊர்ல இருக்க முடியல. எவனும் மொகம் பாக்கல. நாடகத்தையே நிறுத்திட்டானுவ. கோயில் வாசல் வரைக்கும் போவேன், காலு உள்ள போவாது. புஷ்பம் மவளக் கூட்டிக்கிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போயிட்டா. என்கிட்ட சொல்லக் கூட இல்ல. நான் வேலைல இருந்தேன், தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனச்சிருப்பா. அப்பம்தான் எனக்கு ராஜா ஞாவகம் வந்துச்சு. அவரு கடைசில என்ன செஞ்சாரு தெரியுமா? நானே போறேன்னு கிரீடத்தக் கழட்டி வச்சுட்டு, கடக்கரை ஓரம் போயி முட்டைக்கோஸு போட்டாரு! நெசமாத்தான். திரும்ப வந்து ஆளும்னு கூப்பிட வந்தவங்ககிட்ட, ‘நான் நட்ட கோஸப் பாத்தா நீங்க கேக்கவே மாட்டீங்க’ன்னாராம். எங்க ஊரு தேரிச் செம்மணல்ல கோஸு வருமா? அதான் மல ஏறிட்டேன். வந்து பாத்தா ஊருக்குப் பேரே மன்னவனூரு. சிரிப்பு வந்துட்டு எனக்கு.

ராஜா கதைல கடைசிப் பகுதிய மட்டும் சாமியாரு சொல்லாம இருந்திருக்கலாம். அவரு கோஸு நட்டுக்கிட்டு இருக்கும்போது, வேற ஒருத்தன் அவரு மவ வலேரியாவப் புடிச்சு வச்சுக்கிட்டான். இவரு ஆளு மேல ஆளு அனுப்புதாரு, என் மவள அனுப்புங்கன்னு. பேரக் கேட்டாலே ஒண்ணுக்குப் போனவனுவ, ஒருத்தனும் சட்ட பண்ணல. அந்த ஏக்கத்துலயே செத்தாரு. பொறவு அந்த மவளையும் அவ அம்மையையும் ஊரு ஊரா ஓட விட்டு, கடைசில தலைய வெட்டிக் கடல்ல போட்டுட்டானுவ. இத அவரு பொறவுதான் சொன்னாரு, மொதல்லயே தெரிஞ்சிருந்தா என் பிள்ளைக்கு அந்தப் பேர வச்சிருக்க மாட்டேன். சில நாளு விடிய வரைக்கும் தோட்டத்துலயே உக்காந்திருப்பேன் அண்ணாச்சி. என் பிள்ளைய ஒரு மட்டம் பாத்தாப் போதும், அவ கையால ஒரு வாய்த் தண்ணி குடிச்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.

திருநாளுக்குத் திருநாளு போன் போடுவேன். எடுக்க மாட்டா. தச்சிக்கிட்டு இருப்பா, பாவம். நேத்து நான் வேல பாக்க தோட்டக்காரரு போன்லேர்ந்து போட்டேன். எடுத்துட்டா! ‘வல்லி, அப்பா பேசுதேம்மா’ன்னேன். தையல் மிசினு மட்டும் ஓடுது. பொறவு அதுவும் நின்னுட்டு. ‘உங்கம்மா எப்பிடி இருக்கா? நீ எப்பிடி இருக்கே? நான் அன்னைக்கு விடுன்னுதாம்மா சொன்னேன், உனக்குத் தெரியும்லா’ன்னேன். அதுக்கு அவ சொன்னா, ‘விட்டுருங்கப்பா’ன்னு.

அவ்வளவுதான். வச்சிட்டா.

கேட்டீங்களா? ‘அப்பா’ன்னு சொல்லிட்டா! ‘விட்டுருங்கப்பா’. பழசெல்லாம் விட்டுருங்கப்பான்னு. நான் அழுதுட்டேன், தோட்டக்காரரு போன்லயே. விடியுததுக்கு முன்ன எந்திரிச்சு, இருக்கதுல நல்ல கோஸாப் பாத்து அறுத்தேன். அடில கிரீடத்தையும் வச்சிருக்கேன், செருப்படில நெளிஞ்சது. செபஸ்தியாரு இல்ல, அதுனால அவ காலடில வச்சு முழங்கால் போடுவேன். முட்டில வாதம், ஆனாலும் போடுவேன். தப்பு செஞ்சவன்கதுனால இல்ல, அது எங்க ஊரு முறை. அவ ‘எழும்புங்கப்பா’ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.

என்ன ஒரு மாதிரி பாக்கீங்க? நீங்களும் பொம்பளப் பிள்ள பெத்தவருதானே? ரெண்டா? சரி, நீங்களே சொல்லுங்க. ஒரு மவ அப்பன்கிட்ட ‘விட்டுருங்கப்பா’ன்னு சொன்னா என்ன அர்த்தம்?

இருங்க. வேண்டாம். வாயத் தொறக்காதீங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

வத்தலக்குண்டு வந்துட்டு. அந்தா மதுர வண்டி கெளம்புது பாருங்க. அந்தச் சாக்க இங்க தள்ளுங்க. என்ன அண்ணாச்சி, ஏன் கையப் புடிக்கீங்க? போவாண்டாம்னா? நீங்க யாரு எனக்குச் சொல்ல? வண்டி போயிரும்லா, என் மவ காத்துக்கிட்டு இருப்பா. விடுங்க. அண்ணாச்சி, விடுங்கன்னு சொல்லுதேம்லா. உங்களுக்கும் புரியலியா? விடுங்க!